முப்பது ரூபாய் குமாஸ்தாவும் யோகஹாமா துறைமுகமும்

என் பெரியம்மா மகள் நியூஜெர்ஸியில் இருக்கிறார். ரிட்டயராகிவிட்டார். பழைய புடைவை, சாயம் போன சட்டை, திரைச்சீலை வெட்டியதில் மிச்சம் என்று கிடைத்த துண்டுத்துணிகளையெல்லாம் சேர்த்து விரிப்பு தைப்பது அவருடைய பொழுதுபோக்கு. நம் பாட்டிமார்கள் வேறு வழியில்லாமல் தைத்த அதே ஒட்டுப்போட்ட போர்வைதான். அங்கே அதற்குக் குவில்ட் என்று பேர். சங்கம் இருக்கிறது, சந்தா இருக்கிறது, வருஷத்துக்கொரு மாநாடு இருக்கிறது. கப்பல் மட்டும்தான் பாக்கி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதுவும் இருக்கிறதாம். நடுக்கடலில் பகல் முழுக்கத் தையல் மிஷினோடு வகுப்பு. துறைமுகம் வந்தால் இறங்கி ஊர் பார்த்துவிட்டு, சாயந்திரம் திரும்ப வந்து ஊசியில் நூல் கோக்க வேண்டியது.

அப்படி ஒரு தையல் கப்பலில் போனவர், யோகஹாமாவிலிருந்து வாட்ஸ்அப்பில் படங்களாக அனுப்பித் தள்ளினார். பட்டு மியூசியம். சிவப்புச் செங்கல் கிடங்கு. சைனா டவுன். ராட்சச ராட்டினம். ‘எட்டு மணி நேரத்துல ஒரு ஊரையே பாத்துட்டேன்டா’ என்று கடைசியில் ஒரு செய்தி.

படங்கள் வந்து விழுந்தபோது நான் ஒரகடம் கூட்டுரோட்டில் ஒரு டீக்கடையில் இருந்தேன். வேறொரு வேலையாகப் போன இடம். எதிரே, கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியொன்றில் வேலை பார்க்கும் இளைஞர். நான் ஒவ்வொரு படமாகத் தள்ளுவதை எட்டிப் பார்த்தவர், ‘சார், இது யோகஹாமா’ என்றார்.

‘எப்படிக் கண்டுபிடிச்சீங்க தம்பி?’

‘ட்ரெய்னிங்குக்குப் போய் மூணு மாசம் இருந்தேன் சார். ஃபேக்டரி, ரூம். ரூம், ஃபேக்டரி. ஞாயித்துக்கிழமைன்னா அந்தப் பக்கம் ஒரு பார்க்.’

அவர் போனிலும் படங்கள் இருந்தன. அதில் ஒன்று என்னைக் கொஞ்ச நேரம் பேசவிடாமல் செய்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்குமுன், இதே யோகஹாமாவைப் பார்த்துவிட்டு மெட்ராஸுக்கு ஒரு கடிதம் போட்ட இன்னொரு சுற்றுலாப் பயணியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவருக்கும் அங்கே கிடைத்தது சில நாட்கள்தான். ஆனால் அவர் பார்த்த பார்வையே வேறு.

1893 ஜூலை 10. யோகஹாமா, ஓரியண்டல் ஹோட்டல். கடிதம் எழுதியவர் விவேகானந்தர். போய்ச் சேர வேண்டியவர்கள் அளசிங்கப் பெருமாளும் மற்ற மெட்ராஸ் நண்பர்களும்.

அளசிங்கர் திருவல்லிக்கேணிக்காரர், வாத்தியார். முப்பது வயதுகூட ஆகவில்லை. அந்தச் சின்னச் சம்பளத்தில் குடும்பம் நடத்திக்கொண்டு, முன்பின் தெரியாத ஒரு வங்காளத்துச் சந்நியாசியைச் சிகாகோவுக்கு அனுப்பியே தீருவது என்று வீடு வீடாகப் படியேறி வசூல் செய்தவர். வைஷ்ணவக் குடும்பம். ராமானுஜர் பிறந்த ஸ்ரீபெரும்புதூர் அவருக்குப் புண்ணிய பூமி. ராமானுஜருடைய தகப்பனார் பிள்ளை வரம் கேட்டு யாகம் செய்தது திருவல்லிக்கேணியில் என்று ஐதீகம். ஆக, அந்தக் காலத்தில் இரண்டு ஊருக்கும் நடுவே இருந்தது பெருமாள் சம்பந்தம். இன்றைக்கு அதே ஸ்ரீபெரும்புதூரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரகடத்தில், ஜப்பான்காரர்கள் சாப்பிடும் ஓட்டல் இருக்கிறது. சரி, கடிதத்துக்கு வருவோம்.

1893 மே 31 அன்று பம்பாயில் பெனின்சுலர் என்ற கப்பலில் ஏறினார். பி அண்ட் ஓ கம்பெனியின் கப்பல். இந்தப் பேரைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வரும். கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர், ஹாங்காங், நாகசாகி. நாகசாகியில் கப்பல் நின்றது சில மணி நேரம். அதற்குள் ஊரை ஒரு சுற்று சுற்றினார். கோபே வந்ததும் கப்பலே வேண்டாம் என்று இறங்கிவிட்டார். உள்நாட்டைப் பார்க்க வேண்டுமாம். ஒஸாகா, கியோட்டோ, டோக்கியோ என்று தரை வழியாகவே யோகஹாமா வந்து சேர்ந்தார். நம் தையல் கப்பல் அக்காவுக்கு இல்லாத சௌகரியம் இது. அந்தக் காலத்தில் வெளிநாட்டுக்காரர்கள் உள்ளே போகத் தனியாகப் பாஸ்போர்ட் வேண்டும்.

கடிதத்தின் முதல் பாதியில் எல்லாச் சுற்றுலாப் பயணிகளையும் போலத்தான் எழுதுகிறார். என்ன சுத்தம், எவ்வளவு அகலமான நேரான தெருக்கள், கூண்டு மாதிரி குட்டிக் குட்டி வீடுகள், பைன் மரக் குன்றுகள், தோட்டத்துக்குள் செயற்கையாகக் குளமும் பாலமும். கோயில்களில் பழைய வங்காள எழுத்தில் சமஸ்கிருத மந்திரங்களைப் பார்த்து அசந்துபோகிறார். அதன்பிறகு கண் வேறு பக்கம் திரும்புகிறது. சொந்த அதிகாரி ஒருவர் வடிவமைத்த பீரங்கி. பெருகிக்கொண்டே போகும் கடற்படை. ஜப்பானிய இன்ஜினியர் குடைந்த, கிட்டத்தட்ட ஒரு மைல் நீளச் சுரங்கம். அப்புறம் தீப்பெட்டித் தொழிற்சாலைகள். பார்க்க வேண்டிய காட்சி என்றே எழுதுகிறார்.

தாஜ்மகால் பார்க்கப் போகிற மாதிரி தீப்பெட்டிக் கம்பெனி பார்க்கப் போயிருக்கிறார் மனிதர்! அவருக்குப் பிடிபட்ட விஷயம் ஒன்றுதான். தங்களுக்கு வேண்டியது அத்தனையையும் தங்கள் நாட்டிலேயே செய்துவிடுவது என்று இந்த ஜனங்கள் முடிவு கட்டிவிட்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. யோகஹாமா அப்போது ஒன்றும் புராதன நகரமல்ல. 1859-ல் வெளிநாட்டு வியாபாரத்துக்குத் திறந்துவிடும் வரைக்கும் அது ஒரு மீனவக் குப்பம். விவேகானந்தர் போனபோது ஊருக்கு வயசு முப்பத்து நாலு. அவரைவிட நாலு வயது மூப்பு, அவ்வளவே. பெரிய கப்பல் வந்து ஒட்டுவதற்கு மேடைகூடக் கிடையாது. இன்று அக்காவின் கப்பல் நின்ற ஒஸான்பாஷி மேடை, அப்போது கட்டிக்கொண்டிருந்தார்கள். 1894-ல்தான் முடிந்தது. அந்தத் துறைமுகத்துக்கும் அதற்குமுன் 1887-ல் ஊருக்கு வந்த குழாய்த் தண்ணீருக்கும் திட்டம் போட்டவர் ஹென்றி ஸ்பென்ஸர் பால்மர் என்ற ஆங்கிலேய இன்ஜினியர். பிறந்த ஊர்? பெங்களூர்!

ரயில் விஷயத்தில் நாம்தான் முந்தி. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு 1856-லேயே ரயில் ஓடிவிட்டது. ஜப்பானில் முதல் ரயில், டோக்கியோவின் ஷிம்பாஷியிலிருந்து யோகஹாமாவுக்கு, 1872-ல். பதினாறு வருஷம் கழித்து. இரண்டு இடத்திலும் இங்கிலாந்து இன்ஜின்தான். ஆனால் 1893-ல், விவேகானந்தர் ஜப்பானில் கால் வைத்த அதே வருஷம், கோபே பட்டறையில் ஜப்பான் தன் முதல் ரயில் இன்ஜினைச் செய்து முடித்துவிட்டது. சொல்லிக்கொடுத்த தலைமை இன்ஜினியர் வெள்ளைக்காரர்தான். செய்தது அவர்கள் பட்டறை. நம்முடைய அஜ்மீர் பட்டறை 1895-ல் அந்த வேலையைச் செய்தது. அதுவும் ரயில்வே கம்பெனிக்காக.

இதையெல்லாம் பார்த்த வயிற்றெரிச்சலில் கடிதத்தின் இரண்டாம் பாதியில் மெட்ராஸ் பிள்ளைகளை வறுத்து எடுத்துவிட்டார். நீங்கள் எல்லாம் என்னப்பா மனிதர்கள், இதைத் தொடலாமா அதைத் தொடலாமா என்று நூற்றுக்கணக்கான வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். கையில் புத்தகத்தோடு கடற்கரையில் உலாத்துகிறீர்கள், ஐரோப்பாக்காரன் மூளையில் விளைந்ததைச் செரிக்காமலேயே ஒப்பிக்கிறீர்கள். ஆசையெல்லாம் முப்பது ரூபாய் குமாஸ்தா உத்தியோகத்தில், மிஞ்சிப்போனால் வக்கீல் தொழிலில். அங்கி, பட்டம், புத்தகம் எல்லாவற்றோடும் சேர்ந்து மூழ்கக் கடலில் தண்ணீர் இல்லையா என்றுகூடக் கேட்டுவிட்டார். (வார்த்தைகள் என்னுடையவை. காரம் அவருடையது. சொல்லப்போனால் குறைத்திருக்கிறேன்.)

நான் பி.காம். படித்தவன். முப்பது ரூபாய் குமாஸ்தாவுக்கு நேர் வாரிசு. உறைக்காமல் இருக்குமா?

கடற்கரை என்று அவர் சொன்னது நம் மெரினாவைத்தான் இருக்க வேண்டும். நல்ல வேளை, திட்டுவதோடு நிறுத்தவில்லை. நம் இளைஞர்கள் வருஷா வருஷம் கூட்டமாக ஜப்பானையும் சீனாவையும் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஓர் ஆசையையும் எழுதிவைத்தார். சாமி தரிசனத்துக்கு அனுப்புகிற மாதிரி, தொழிற்சாலை தரிசனத்துக்கு.

இன்னொரு தகவலும் அந்தக் கடிதத்தில் உண்டு. அவசரமாகப் படித்தால் கண்ணில் படாது. ஜப்பானியக் கப்பல் கம்பெனி ஒன்று சீக்கிரமே பம்பாய்க்கும் யோகஹாமாவுக்கும் நடுவே கப்பல் விடப்போகிறது என்று ஒரு வரி. என்னைக் கேட்டால் கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான்.

அப்போது பம்பாயிலிருந்து தூரக் கிழக்குக்குப் பஞ்சும் நூலும் ஏற்றிப் போவதில் பி அண்ட் ஓ வைத்ததுதான் சட்டம். கூட இரண்டு ஐரோப்பியக் கம்பெனிகள், மூன்று பேருக்கும் கூட்டு. டன்னுக்குப் 19 ரூபாய். கேட்க ஆளில்லை. அதை உடைப்பதற்காகவே 1893-ல் ஜப்பான் போனார் ஜாம்ஷெட்ஜி டாடா. ஜப்பானிய முதலாளிகளில் பெரிய தலையான ஷிபுஸாவா எய்இச்சியைப் பிடித்தார், நிப்பான் யூஸென் கைஷா என்ற கப்பல் கம்பெனியோடு பேசினார். நீயும் கப்பல் விடு, நானும் விடுகிறேன் என்று ஒப்பந்தம். கட்டணம் டன்னுக்கு 12 ரூபாய். அந்த வருஷம் நவம்பரில் முதல் ஜப்பானியக் கப்பல் பம்பாய்க்குக் கிளம்பியது. ஜப்பானின் முதல் நெடுந்தூரக் கப்பல் தடம் அதுதான். அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் அவர்கள் வழக்கமாகக் கப்பல் விட ஆரம்பித்தது அதற்குப் பிறகு. டாடாவும் ஆனி பாரோ என்ற கப்பலை மாசம் 1,050 பவுனுக்கு வாடகைக்கு எடுத்தார்.

பி அண்ட் ஓ என்ன செய்தது? 19 ரூபாயை இரண்டு ரூபாய்க்கும் கீழே இறக்கிவிட்டது. எதிராளி காலியாகும் வரை நஷ்டத்தைத் தாங்குவது, காலியானதும் பழைய விலைக்குப் போவது. எங்கள் பி.காம். புத்தகத்தில் அரைப் பக்கத்தில் முடித்துவிடுவார்கள் இதை. டாடா சர்க்காரிடம் முறையிட்டார். துண்டுப் பிரசுரம் அச்சடித்தார். தபால் கொண்டுபோவதற்காக பி அண்ட் ஓவுக்கு மானியம் கொடுத்துக்கொண்டிருந்த சர்க்கார் அசையுமா? கூட நின்ற பம்பாய் வியாபாரிகள் ஒவ்வொருவராக மலிவு விலைக்கு நழுவினார்கள். டாடா லைன் படுத்துவிட்டது.

தூத்துக்குடியில் வ.உ.சி.க்கு நடந்ததும் இதேதானே என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். அதேதான், பதிமூன்று வருஷம் முன்கூட்டியே. 1906-ல் அவர் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். வெள்ளைக்காரக் கம்பெனி டிக்கெட் விலையைக் குறைத்தது, குடை கொடுத்தது. 1908 மார்ச்சில் அவரைக் கைது செய்தார்கள். பிறகு செக்கு.

ஆனால் டாடா விழுந்த அதே சண்டையில் நிப்பான் யூஸென் கைஷா விழவில்லை. காரணம் சிம்பிள். பி அண்ட் ஓ எவ்வளவு குறைத்தாலும் எங்கள் பஞ்சு உங்கள் கப்பலில்தான் வரும் என்று ஜப்பானிய நூற்பாலைக்காரர்கள் சங்கமாகச் சேர்ந்து எழுதிக் கொடுத்திருந்தார்கள். எழுதிக் கொடுத்தபடியே நின்றார்கள். அந்தக் கம்பெனியின் கொடி இன்றும் கடலில் பறக்கிறது. கார்களை ஏற்றிப் போகும் ராட்சசக் கப்பல்கள் அவர்களிடம் ஏராளம்.

1893 ஜூலை 14 அன்று யோகஹாமாவிலிருந்து எம்ப்ரஸ் ஆஃப் இந்தியா கப்பல் வான்கூவருக்குக் கிளம்பியது. விவேகானந்தர் அதில் ஏறினார். குளிருக்கு ஏற்ற துணி இல்லாமல் வழியெல்லாம் நடுங்கியிருக்கிறார். சந்நியாசியை அனுப்பிய மெட்ராஸ்காரர்களுக்குக் குளிர் என்றால் மார்கழி பனிதான் தெரியும், பாவம். அதே கப்பலில் ஏறிய இன்னொருவர், ஒப்பந்த வேலைகளை முடித்துக்கொண்டு சிகாகோ கண்காட்சிக்குக் கிளம்பிய டாடா. அடுத்த பன்னிரண்டு நாள் கடலைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. பேசாமல் இருந்திருப்பார்களா? ஜப்பான் தீப்பெட்டியை வாங்கி விற்கிறீர்களே, இங்கேயே ஒரு தொழிற்சாலை வைத்தால் என்ன என்று விவேகானந்தர் கேட்டதாக ஒரு குறிப்பு உண்டு. 1898-ல் டாடா அவருக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. ஜப்பானிலிருந்து உங்களோடு கப்பலில் வந்தவன் என்று தன்னை ஞாபகப்படுத்திக்கொண்டுதான் ஆராய்ச்சி நிலையம் பற்றிப் பேச ஆரம்பிக்கிறார். பெங்களூரில் 1909-ல் வந்த இந்திய அறிவியல் கழகம் அந்த யோசனைதான்.

தீப்பெட்டியை டாடா செய்யவில்லை. அது சிவகாசிக்கு என்று எழுதியிருந்தது. 1920-கள் வரைக்கும் நம் வீடுகளில் அடுப்பு மூட்டியதில் பெரும்பங்கு ஜப்பான் குச்சிதான். 1922-ல் வெளிநாட்டுத் தீப்பெட்டிக்கு குரோஸுக்கு ஒன்றரை ரூபாய் வரி விழுந்தது. குரோஸ் என்றால் 144 பெட்டி. கல்கத்தாவில் குடியேறியிருந்த ஜப்பானியர்கள் தீப்பெட்டி செய்துகொண்டிருந்தார்கள், உள்ளூர்க்காரர்களும் அந்த வேலையைப் பழகியிருந்தார்கள். சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்கு ரயில் ஏறினார்கள். தொழிலைக் கற்றார்கள், திரும்பி வந்து 1923-ல் தொழிற்சாலை வைத்தார்கள். யோகஹாமாவுக்குப் போகவில்லை, கல்கத்தாவோடு சரி. ஆனால் விவேகானந்தர் கேட்ட சுற்றுலா இதுதான். எட்டு மணி நேரம் பார்த்துவிட்டுக் கப்பலேறும் சுற்றுலா அல்ல, கையில் கந்தகம் ஒட்ட ஒட்டப் பார்க்கும் சுற்றுலா.

இனி ஒரகடம்.

நிஸான் கம்பெனி பிறந்தது யோகஹாமாவில், 1933-ல். நடுவில் தலைமையகம் டோக்கியோவுக்குப் போய், 2009-ல் யோகஹாமாவுக்கே திரும்பியது. அடுத்த வருஷம், 2010 மார்ச்சில், ரெனோவோடு சேர்ந்து ஒரகடத்தில் தொழிற்சாலை திறந்தது. அதே வருஷமே எண்ணூர் துறைமுகத்திலிருந்து கார்கள் கப்பலேறின. நிஸான் மட்டுமல்ல. கொமாட்ஸு ஒரகடத்தில், யமஹா வல்லம் வடகாலில், அவர்களுக்குப் பாகம் செய்து தரும் குட்டிக் கம்பெனிகள் எத்தனையோ. ஏரியும் வயலுமாக இருந்த ஊர்களில் ஜப்பானிய எழுத்துப் பலகைகள். வருஷா வருஷம் இளைஞர்கள் ஜப்பான் போக வேண்டும் என்று விவேகானந்தர் கேட்டார். நூற்றுப் பதினேழு வருஷம் கழித்து ஜப்பான் இங்கே வந்து, தனக்கு வேண்டிய இளைஞர்களைத் தானே டிக்கெட் போட்டு அழைத்துப் போய்த் திருப்பி அனுப்புகிறது.

ஆசை நிறைவேறிவிட்டது என்று எழுதிவிட எனக்குக் கை வரவில்லை. அவர் பார்த்தது தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே செய்துகொண்ட ஜனங்களை. ஒரகடத்தில் கை நம்முடையது, வரைபடம் எங்கிருந்தோ வருகிறது. 2025-ல் நிஸான் தன்னிடம் இருந்த 51 சதவிகிதப் பங்கையும் ரெனோவிடம் கொடுத்துவிட்டது. நிஸான் கார்கள் தொடர்ந்து அங்கேதான் தயாராகும் என்றாலும் தொழிற்சாலை இப்போது பிரெஞ்சுக்காரர்களுடையது. அதே வருஷக் கடைசியில் யோகஹாமா தலைமையகக் கட்டடத்தையே விற்றுவிட்டு அதிலேயே வாடகைக்கு இருப்பதென்றும் முடிவு செய்தார்கள். முதலாளிகள் கை மாறுவது பாரிஸிலும் யோகஹாமாவிலும் முடிவாகிறது. ஒரகடத்து ஷிஃப்ட் பஸ்ஸில் இருப்பவருக்கு அது பேப்பரில் வரும் செய்தி.

டீக்கடைத் தம்பியிடம் இதைக் கேட்டேன். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: ‘அங்க ஒரு பெரியவர் இருந்தார் சார். நாப்பது வருஷ சர்வீஸ். மெஷின் சத்தத்தை வெச்சே எங்க கோளாறுன்னு சொல்லிடுவார். எனக்கு ஒரு டெக்னிக் காட்டினார். இங்க வந்து அதை நான் எட்டுப் பேருக்குக் காட்டியிருக்கேன். அதுல ரெண்டு பேர் வேலையை விட்டுட்டு, வல்லத்துல சொந்தமா லேத் போட்டிருக்காங்க.’

சிவகாசிக் கதையின் முதல் அத்தியாயம் மாதிரிதான் இருந்தது. பெரிதாக ஒன்றும் சொல்லாமல் இன்னொரு டீ சொன்னேன்.

இப்போது அந்தப் படம்.

யோகஹாமா துறைமுகத்தையொட்டி யமாஷிதா பூங்கா இருக்கிறது. 1923 செப்டம்பர் 1 மத்தியானம் வந்த பூகம்பத்தில் நகரமே நொறுங்கியது. அந்த இடிபாடுகளைக் கடலோரம் கொட்டி, அதன்மேல் 1930-ல் திறந்த பூங்கா. ஊரில் பட்டு வியாபாரம் செய்துகொண்டிருந்த இந்தியர்களும் பூகம்பத்தில் செத்துப்போனார்கள். பிழைத்தவர்கள் கோபேவுக்கு ஓடினார்கள். யோகஹாமாக்காரர்கள் அவர்களைத் திரும்பக் கூப்பிட்டு, கடை வைக்கவும் குடியிருக்கவும் உதவி செய்தார்கள். அந்த நன்றிக்காக 1930-களின் கடைசியில் இந்திய வியாபாரிகள் காசு போட்டுப் பூங்காவில் ஒன்று கட்டிக் கொடுத்தார்கள். குவிமாடம் வைத்த சின்ன மண்டபம், உள்ளே குடிதண்ணீர்க் குழாய். ஊருக்கு நம்மவர்கள் வைத்த தண்ணீர்ப் பந்தல்.

அக்காவின் எட்டு மணி நேரத்தில் அது வரவில்லை. தம்பியின் போனில் இருந்தது. மண்டபத்துக்கு முன்னால் கம்பெனி ஜாக்கெட்டோடு நிற்கிறார், பக்கத்தில் அந்தப் பெரியவர்.

‘இது என்னன்னு தெரியுமா தம்பி?’

‘தெரியாது சார். நம்ம ஊர் கோயில் மாதிரி இருந்துச்சு, அதான் நின்னு எடுத்துக்கிட்டேன்.’

சொன்னேன். போனை வாங்கி விரலால் பெரிதாக்கி, தன் முகத்தைத் தள்ளிவிட்டு மண்டபத்தை மட்டும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

‘தண்ணி வந்துச்சா?’ என்று கேட்டேன்.

‘குழாயைத் திறந்து பாக்கலையே சார்’ என்றார்.